சோபே ஆற்றங்கரையில் ஒரு நாள் போதுமா?

ஆகஸ்ட் மாதம் சென்னையிலிருந்து குடும்பத்துடன் விக்டோரியா அருவிக்குப் போகிறீர்கள். அங்கிருந்து போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா, படகில் போவதா ஜீப்பில் போவதா, சிங்கம் நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழங்கால் வலி உள்ள எழுபது வயது அம்மாவும் எட்டு வயது மகனும் உடன் வருகிறார்கள் என்றும், யானைகளே அந்தக் காட்டை அழித்துவிட்டதாகப் படித்தது உண்மையா என்றும் சேர்த்திருக்கிறீர்கள். கேள்வி நான்காக இருந்தாலும் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, இவ்வளவு தூரம் போய், இவ்வளவு செலவு செய்தால் எது கட்டாயம் பார்க்கக் கிடைக்கும், எது வாய்ப்பைப் பொறுத்தது என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் வடக்கு போட்ஸ்வானாவில் பதினோரு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்தவன். மாணவர்களுடனும், விடுமுறைக்கு வந்த உறவினர்களுடனும் அந்த ஆற்றில் பல முறை போயிருக்கிறேன். வனத்துறை அலுவலரோ ஆய்வாளரோ அல்லன்; கண்ணால் கண்டதையும் பாடம் நடத்துவதற்காகப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் பயணம் வீணாகாது, ஆனால் ஓர் இரவாவது கசானே ஊரில் தங்குங்கள். படகா ஜீப்பா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் தயங்காமல் பிற்பகல் படகைத் தேர்ந்தெடுங்கள். காரணம் அந்த ஆறுதான்.

சோபே பூங்கா 11,700 சதுர கிலோமீட்டர் அளவு பரந்தது. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது அதன் வடகிழக்கு மூலையில், கசானேயை ஒட்டிய ஆற்றங்கரைப் பகுதியை மட்டும்தான். அங்கோலாவின் மேட்டுநிலத்தில் புறப்படும் ஆறு, குவாண்டோ என்றும் லின்யாண்டி என்றும் பெயர் மாறி மாறி வந்து, கடைசியில் சோபே என்ற பெயரோடு கசுங்குலாவில் ஸாம்பேசியில் கலக்கிறது. மழைக்காலம் முடிந்து ஏப்ரல் வாக்கில் ஸாம்பேசியில் பெருவெள்ளம் வரும்போது, கலக்கும் இடத்தில் அந்த நீர் சோபேயைத் தடுத்துப் பின்னுக்குத் தள்ளுகிறது. சில காலம் ஆறு எதிர்த்திசையிலும் ஓடுகிறது. கரையோரச் சமவெளி முழுவதும் நீருக்குள் போய்விடும். அந்த மாதங்களில் காட்டுக்குள் இருக்கும் குட்டைகளிலும் தண்ணீர் இருப்பதால் யானைகளுக்கு ஆற்றுக்கு வர வேண்டிய கட்டாயமில்லை. பச்சைப் பசேலென்ற காட்டில் அவை கலைந்து போய்விடும். ஜூனுக்குப் பிறகு குட்டைகள் ஒவ்வொன்றாக வற்ற, வெள்ளமும் வடிந்து, சமவெளியில் இளம்புல் தலைகாட்டும். ஒரு யானைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் நம்பகமான தண்ணீர் இந்த ஆறு ஒன்றுதான் என்னும் நிலை வந்ததும், விலங்குகளைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை, அவையே நம்மிடம் வருகின்றன. ஆகஸ்ட் அந்தக் காலம். செப்டம்பரும் அக்டோபரும் இன்னும் கூட்டம் கூடும் மாதங்கள், ஆனால் வெயில் தாங்காது. அம்மாவை நினைத்துப் பார்த்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த மாதமே நல்லது.

ஒரு நாள் பயணத்தின் குறை, அதன் நேர அமைப்பில் இருக்கிறது. விக்டோரியா அருவியிலிருந்து கசானே சுமார் 80 கிலோமீட்டர். காலை ஏழு, ஏழரைக்குப் புறப்பட்டு, எல்லையில் முத்திரை குத்திக்கொண்டு, முற்பகலில் படகு, மதிய உணவு, அதன் பின் உச்சிவெயில் தணியுமுன்னே ஜீப், ஐந்து ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதே வழக்கமான திட்டம். ஜீப்புக்கு ஏற்றது விடியற்காலை, படகுக்கு ஏற்றது பிற்பகல் மூன்று மணியிலிருந்து சூரியன் சாயும் வரை. ஒரு நாள் பயணத்தில் இரண்டும் தலைகீழாக அமைந்துவிடுகின்றன. யானைக் கூட்டங்கள் காட்டிலிருந்து இறங்கி ஆற்றுக்கு வரத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் எல்லையில் வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள். ஓர் இரவு தங்கினால் முதல் நாள் பிற்பகல் படகும் மறுநாள் விடியலில் ஜீப்புமாக இரண்டும் அதனதன் நேரத்தில் கிடைக்கும்.

படகில் என்ன தெரியும் என்று கேட்டால், ஆகஸ்டில் யானை, நீர்யானை, முதலை, காட்டெருமை, இம்பாலா என்னும் இரலைமான், பபூன் குரங்கு இவ்வளவும் ஏறக்குறைய உறுதி என்று சொல்வேன். கசானேக்கு மேற்கே ஆற்றின் நடுவில் செடூடூ என்றொரு தீவு இருக்கிறது. மூன்றரை சதுர கிலோமீட்டர் அளவுள்ள புல்தரை, அவ்வளவுதான். வெள்ளக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும். நமீபியாவில் அதற்குக் காசிகிலி என்று பெயர். இது யாருடையது என்று இரு நாடுகளும் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 1999 டிசம்பரில் போட்ஸ்வானாவுக்கே உரியது என்று தீர்ப்பானது. தீவைச் சுற்றிய இரு கால்வாய்களிலும் இரு நாட்டுப் படகுகளும் தடையின்றிச் செல்லலாம் என்பதும் அத்தீர்ப்பிலேயே இருப்பதால், நமீபியக் கொடி பறக்கும் படகு பக்கத்தில் வந்தால் வியப்படைய வேண்டாம்.

அந்தத் தீவின் ஓரத்தில் படகை நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லி, ஒரே ஒரு யானையைக் கால்மணி நேரம் பாருங்கள். முழங்கால் அளவு நீரில் நின்றுகொண்டு முன்காலின் நகத்தால் புல்லின் அடியைத் தட்டித் தட்டித் தளர்த்தும். தளர்ந்ததும் துதிக்கையால் சுற்றிப் பிடுங்கும். பிடுங்கியதை அப்படியே வாயில் போடாது. தண்ணீரில் இடமும் வலமுமாக நான்கைந்து முறை வீசி அலசும். வேரில் ஒட்டிய மண் கரைந்து நீர் கலங்குவது தெரியும். மண்ணோடு தின்றால் கடைவாய்ப் பற்கள் விரைவில் தேயும், யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிப் பற்கள்தாம், கடைசித் தொகுதியும் தேய்ந்த பின் தின்ன வழியில்லை என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருந்தாலும், ஆற்றில் அந்த அலசலைப் பார்த்த பிறகுதான் என் மாணவர்களுக்கு அது மனத்தில் பதிந்தது. கூட்டம் தீவுக்கு நீந்திக் கடக்கும் காட்சி வாய்த்தால் இன்னும் நல்லது. குட்டியைப் பெரியவை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு வரும். குட்டியின் உடல் முழுவதும் நீருக்குள் இருக்க, துதிக்கையின் நுனி மட்டும் மேலே நீட்டிக்கொண்டு மூச்சு வாங்கும். இது தினமும் நடக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் மாலைப் படகுகளில் அடிக்கடி கண்டிருக்கிறேன். இவை நம் ஊர் யானையினம் அல்ல என்பதையும் மகனுக்குக் காட்டுங்கள்: காது தோளையே மூடும் அளவு பெரியது, முதுகு நடுவில் குழிந்திருக்கும், பெண் யானைக்கும் தந்தம் உண்டு.

நீர்யானை பகலில் நீருக்குள்தான் இருக்கும் என்று புத்தகங்கள் சொல்லும். ஆகஸ்டின் குளிர்ந்த காலைகளிலும் மேகம் மூடிய நாட்களிலும் செடூடூவின் புல்லில் அவை கரையேறி நிற்பதைச் சாதாரணமாகக் காணலாம். தோலில் ஊறும் செந்நிறத் திரவம் வெயிலையும் கிருமிகளையும் தடுப்பது. பார்ப்பவர்கள் இரத்தம் என்று பதறுவார்கள். நல்ல படகோட்டி கரையில் நிற்கும் நீர்யானைக்கும் ஆழமான நீருக்கும் நடுவில் ஒருபோதும் படகைக் கொண்டுபோக மாட்டார். அவசரத்தில் அப்படிச் செய்கிறவரைக் கண்டால் கூச்சப்படாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பறவைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விட மனமில்லை. 450க்கு மேற்பட்ட இனங்கள் பதிவான இடம் அது. பாம்புத்தாரா, நத்தைக்குத்தி நாரை, கருப்பு வெள்ளை மீன்கொத்தி என்று நமக்குத் தெரிந்த முகங்களோ அவற்றின் நெருங்கிய உறவுகளோ வழியெங்கும் இருக்கும். அல்லிக்கொடிகளின் மேல் நீண்ட விரல்களை ஊன்றி நடக்கும் ஆப்பிரிக்கத் தாமரைக்கோழியைத் தேடிப் பாருங்கள். அந்த இனத்தில் குஞ்சு வளர்ப்பது தந்தை. ஆபத்து என்றால் குஞ்சுகளைச் சிறகுக்கு அடியில் இடுக்கிக்கொண்டு நடக்கும். சிறகுக்குக் கீழே குட்டிக்கால்கள் தொங்க, ஒரு பறவைக்குப் பத்துக் கால்கள் முளைத்ததுபோல் தெரியும். ஸ்கிம்மர் என்னும் ஆலாவின் உறவுப் பறவை, மேலலகைவிட நீண்ட கீழலகால் நீரின் மேற்பரப்பைக் கிழித்தபடி பறந்து மீன் பிடிக்கும். நீர் வடிந்து வெளிப்படும் மணல்திட்டுகளில்தான் அது முட்டையிடுகிறது, அதுவும் நீங்கள் போகும் பருவத்தை ஒட்டியே. வேகமாகப் போகும் படகின் அலை ஏறினால் முட்டைகள் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், மணல்திட்டு தென்படும் இடங்களில் மெதுவாகப் போகச் சொல்வது நாம் செய்யக்கூடிய உதவி. ஆகஸ்ட் கடைசியில் போனால் செம்பஞ்சுருட்டான்களும் வரத் தொடங்கியிருக்கலாம்.

இனி சிங்கம். நிச்சயம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆற்றங்கரையில் சிங்கக் கூட்டங்கள் இருக்கின்றன, வறட்சிக் காலத்தில் இரை ஆற்றுக்கு வருவதால் அவையும் அங்கேயே சுற்றும்; ஆகவே விடியல் ஜீப்பில் வாய்ப்பு நல்லது, அதற்கு மேல் வாக்குறுதி கிடையாது. சிறுத்தை அதைவிட அரிது, ஆப்பிரிக்கக் காட்டுநாய் அதனினும் அரிது. சிவிங்கிப்புலியைக் கரையோரத்தில் எதிர்பார்க்காதீர்கள். காண்டாமிருகத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 1990களின் தொடக்கத்துக்குள் தந்த, கொம்பு வேட்டைக் கும்பல்கள் வடக்கு போட்ஸ்வானாவில் அவற்றை ஏறக்குறைய துடைத்துவிட்டன. அதற்கு மாறாக, ஜீப்பில் ஒட்டகச்சிவிங்கி, கூடூ என்னும் பெரிய இரலை, கருமை மின்னும் சேபிள் இரலை ஆகியவை கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. பூக்கூ என்னும் பொன்னிற இரலை போட்ஸ்வானா முழுவதிலும் இந்த வெள்ளச் சமவெளியில் மட்டுமே வாழ்கிறது. பார்க்க இம்பாலாபோல் இருப்பதால் வழிகாட்டிகள்கூடச் சொல்லாமல் கடந்துவிடுவார்கள். நீங்களே கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள். சிங்கம் யானையை வேட்டையாடும் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் தேடுவது சவூட்டியை. அது இதே பூங்காதான், ஆனால் கசானேயிலிருந்து மணல்பாதையில் பல மணி நேரம். அம்மாவுடன் அந்தப் பாதை வேண்டாம்.

யானைகள் காட்டை அழித்துவிட்டனவா என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கரையில் இறங்கியதும் உங்கள் மகனே அதைக் கேட்பான். மரங்கள் பட்டை உரிந்து, வெள்ளெலும்புபோல் நிற்கும். பெருமரங்கள் இருந்த இடத்தில் புதர்களே மிஞ்சியிருக்கும். இதில் ஐயமற்றது: ஆற்றோரத்து நெடுமரக்காடு கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் பெரிதும் குறைந்து புதர்க்காடாக மாறியிருக்கிறது, அதில் யானைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இதே கரையில் செரொண்டெலா என்னும் இடத்தில் முன்பு மர அறுவை ஆலை ஒன்று இயங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனிதரின் பங்கும் இருந்தது. ஆனால் அழிந்தது என்று சொல்லும்போது எந்தக் காலத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தந்த வணிகம் இப்பகுதி யானைகளை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. 1896, 97 வாக்கில் ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளைநோய் வந்து காட்டெருமைகளையும் பல இரலைகளையும் கால்நடைகளையும் கொன்று குவித்தது. மேய்வாரும் முறிப்பாரும் இல்லாத அந்த இடைவெளியில்தான் வேல மர வகைகள் ஒரே சமயத்தில் முளைத்து ஓங்கி வளர்ந்தன என்றும், 1960களில் மனிதர் கண்டு 'இயற்கையான காடு' என்று நினைத்தது உண்மையில் விலங்குகள் இல்லாத காலத்தின் விளைவு என்றும் ஒரு சாரார் வாதிடுகின்றனர். யானை பெருமரத்தை வீழ்த்துகிறது, ஆனால் அதற்குப் பதிலாக வேறு மரம் வராமல் செய்வது நாற்றுகளைக் கொறிக்கும் இம்பாலாதான் என்பதற்கு வேலியிட்டுச் செய்த சோதனைகள் சான்று தருகின்றன. எனக்கு இந்த விளக்கம் ஏற்புடையதாகத் தெரிகிறது. ஆனாலும் அடர்ந்த நிழலில் ஒளிந்து வாழும் புஷ்பக் என்ற சிறு இரலை இக்கரையில் குறைந்துபோயிருப்பது மறுக்க முடியாத இழப்பு. மாற்றத்தில் யார் வென்றார், யார் தோற்றார் என்று கேட்டால், புதரை விரும்பும் கூடூவும் இம்பாலாவும் வென்றன.

எண்ணிக்கையையும் கவனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நாடுகள் சேர்ந்த காவாங்கோ-ஸாம்பேசி (KAZA) பாதுகாப்புப் பரப்பில் 2022இல் விமானத்திலிருந்து எடுத்த கணக்கின்படி சுமார் 2,28,000 யானைகள், அவற்றில் போட்ஸ்வானாவில் மட்டும் 1,32,000 அளவில். இவை கோடுகோடாகப் பறந்து எண்ணி முழுப் பரப்புக்கும் விரித்த மதிப்பீடுகள். மேலும் யானைக்கு எல்லை தெரியாது. காலையில் போட்ஸ்வானாவில் நிற்பது மாலையில் நமீபியாவில் நிற்கும். இந்தப் பெருக்கத்தின் விலையைக் கொடுப்பவர்கள் பூங்காவை ஒட்டிய மாபெலே, கவிம்பா, கச்சிகாவ் போன்ற ஊர்களின் உழவர்கள். என் மாணவி ஒருத்தி ஒரு திங்கட்கிழமை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தாள். கேட்டபோது, இரண்டு இரவுகள் தகர டின்னைத் தட்டிக்கொண்டு சோளக்கொல்லையில் விழித்திருந்ததாகவும், மூன்றாம் இரவு அனைவரும் அயர்ந்து தூங்கிய பின் கூட்டம் வந்து கொல்லையை முடித்துவிட்டதாகவும் சொன்னாள். படகில் போகும் நமக்கு யானை ஒரு காட்சி. அவளுக்கு அது அந்த ஆண்டின் சாப்பாடு. 2014இல் நாடு விதித்த வேட்டைத் தடையை 2019இல் விலக்கியபோது வெளியுலகில் எழுந்த கோபத்தைப் படித்தவர்கள், அந்தக் கொல்லையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பூங்காவுக்குள் வேட்டைக்கு அன்றும் இன்றும் இடமில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஜீப் கடினம்: படி உயரமானது, பாதை மணலும் குழியும், இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு குலுங்கும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தால் ஓரளவு தாங்கலாம். படகில் அந்தத் தொல்லை இல்லை. தட்டையான பெரிய படகுகளில் நாற்காலியும் நிழலும், பலவற்றில் கழிப்பறையும் உண்டு. சிறிய படகுகள் கரைக்கு மிக அருகே போகும், ஆனால் வசதி குறைவு. நீங்களும் மகனும் விடியல் ஜீப்பில் போக, அம்மா விடுதியில் ஓய்வெடுக்கட்டும். கசானேயில் விடுதி முற்றத்துக்கே காட்டுப்பன்றியும் கீரிக் கூட்டமும் வரும். அந்தக் கீரிகளுக்கு மட்டும் மகன் தீனி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றிடம் காசநோய்க் கிருமியின் தனி இனம் ஒன்று இருப்பதை இப்பகுதியில்தான் கண்டறிந்து 2010இல் அறிவித்தார்கள். ஆகஸ்ட் விடியல் திறந்த ஜீப்பில் எலும்பைத் துளைக்கும் குளிர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு வந்தவர்கள் போர்வைக்குள் நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

வடக்கு போட்ஸ்வானா மலேரியா பகுதி. வறண்ட மாதங்களில் ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. மாத்திரை எது என்பதை, குறிப்பாக அம்மா வேறு மருந்துகள் சாப்பிடுபவர் என்றால், மருத்துவரே சொல்ல வேண்டும். நான் சொல்வது முறையல்ல. மஞ்சள் காய்ச்சல் தொடர்பாக ஒன்றைச் சொல்வேன்: எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகள் வழியாகத் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தடுப்பூசிச் சான்று கேட்க வாய்ப்புண்டு, ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த ஊசியின் கடும் பக்கவிளைவு வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், வளைகுடா வழியாக ஜோஹன்னஸ்பர்க் போகும் டிக்கெட்டைப் பாருங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. நீங்கள் கடக்கும் நாடுகளின் அரசுத் தளங்களில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லையில் காலணியின் அடியை மருந்து நனைத்த விரிப்பில் மிதிக்கச் சொல்வார்கள். கோமாரி நோய் கால்நடைகளுக்குப் பரவாமலிருக்கச் செய்யும் ஏற்பாடு அது.

கடைசியாக, படகில் எங்கே உட்காருவது என்பது. பிற்பகல் படகு கசானேயிலிருந்து மேற்கு நோக்கி எதிர்நீரில் போகும். போட்ஸ்வானாக் கரை இடப்பக்கம் வரும். அது தென்னரைக்கோளம் ஆகையால் ஆகஸ்டில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், வெயில் உங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து அந்தக் கரைமேல் விழும். யானைகள் இறங்கி வரும் செம்மண் சரிவு முழு வெளிச்சத்தில் இருக்கும். அம்மாவுக்கு இடப்பக்கத்தில், முன்வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால், கூரை நிழல் விழும் நாற்காலியைப் பிடித்துக்கொடுங்கள்.